குழலை உறைய வைத்த வியாழக்கிழமை

போன வாரம் ஒரு மாணவியின் அப்பா பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். மகள் சுடுகிற எயார் ரைபிளின் குழலைக் கொழும்புக்கு அனுப்பி, திரவ நைதரசனில் உறைய வைத்து எடுத்தால் குறி தப்பாதாமே, செய்யலாமா டீச்சர் என்று கேட்டார். யாரோ வீடியோவில் காட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நானே ஒரு காலத்தில் அந்தக் கிறுக்கில் விழுந்து எழும்பியவள்தான்.

அப்போது நாங்கள் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டி நிற்கும் ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில் இருந்தோம். அம்மா கொழுந்து எடுத்தார். அண்ணனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை. நான் பதுளையில் உயர்தரம் படித்துக்கொண்டு பள்ளிக்கூடத் துப்பாக்கிக் குழுவில் சுட்டேன். மாகாணத் தெரிவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அதைக் கோட்டைவிட்டால் எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. படிப்பு முடிந்து வெளியே வந்துவிடுவேன். பள்ளிக்கூடத் துப்பாக்கியோ முதல் இருபது குண்டுவரை நல்ல பிள்ளை. அதற்குப் பிறகு தன் இஷ்டத்துக்கு வலப்பக்கம் ஒதுங்கும். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துகிற சாத்தில் பக்கத்துக் காம்பரா ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அண்ணன்தான் போனில் அந்த வீடியோவைக் காட்டினான்.

"இரும்புக்குள்ள ஒரு இறுக்கம் இருக்குமாம். குளிர்ல போட்டா தளர்ந்துடுமாம். பொறகு நேராப் போகும்" என்றான்.

"நைதரசனுக்கு எங்கண்ணே போறது?"

"மாட்டுக்குச் சினை ஊசி போட வர்றாரே, அவரு கேன்ல என்னத்த வச்சிருக்காருன்னு நெனச்ச? பச்சத்தண்ணியா?"

அதுதான் எங்கள் அண்ணன். ஊசி போடுகிறவரின் மோட்டார் சைக்கிளை இரண்டு தடவை பழுதுபார்த்துக் கொடுத்த உரிமை அவனுக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடி, துப்பாக்கியிலிருந்து குழலை மட்டும் அண்ணன் கழற்றி எடுத்தான். அதைக் குடையோடு சேர்த்துச் சுற்றி நான் பஸ்ஸில் கொண்டுவந்தேன். வெயில் கொளுத்துகிற நாளில் குடையை விரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் அந்த பஸ்ஸில் நான் ஒருத்திதான்.

தெரிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை பின்னேரம் ஊசிக்காரர் வந்தார். அண்ணன் ஃபேக்டரிக் கழிவில் கிடந்த இரும்புக் குழாயின் அடியை வெல்டிங் வைத்து அடைத்து, சாக்கைச் சுற்றி, குழலை அதற்குள் இறக்கித் தயாராக வைத்திருந்தான். அம்மா அப்போதுதான் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, மாட்டுப்பட்டிக்குள் போய்த் திரும்பியிருந்தார். எங்கள் மாடு கன்று தங்காமல் வெகுநாளாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. வீட்டுப் பால் வற்றியிருந்தது.

ஊசிக்காரர் கேனின் மூடியில் கைவைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "இத ஊத்திட்டா கேன்ல மட்டம் எறங்கிடும், குளிர் பத்தாம ஊசி கெட்டுடும். மிச்ச ஊசிய இப்பவே பண்டாரவளை ஆபீசுல கொண்டுபோய் வச்சிடணும். திங்கக்கெழம வரைக்கும் இந்தப் பக்கம் ஊசி கெடையாது. ஒங்க மாடு எப்பிடிம்மா இருக்கு?"

"அது சும்மாதாங்க நிக்குது. நீங்க ஊத்துங்க" என்றார் அம்மா.

ஊற்றினார். குழாய்க்குள் அது கொதித்தது. வெள்ளைப் புகை வழிந்து எங்கள் காலடியில் பரவியது. லயமே கூடி நின்று பார்த்தது. குழல் உள்ளே டிக் டிக்கென்று சத்தம் போட்டபோது, இறுக்கம் தளர்கிறது என்று அண்ணன் விளக்கம் சொன்னான். நான் அப்படியே நம்பினேன்.

மறுநாள் விடியும்போது மாடு கத்தியது. லயத்துக் கோடிவரை கேட்கிற கத்து. ஊசிக்கு ஏற்ற நாள் அதுதான், ஊசிதான் இல்லை. அம்மா கூடையை மாட்டிக்கொண்டு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அந்த மாட்டின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அடுத்த பருவம் வர இருபத்தொரு நாள் ஆயிற்று. அந்த அளவுக்கு பாலில்லாத எங்கள் பிளேன்டீக் காலமும் நீண்டது.

துப்பாக்கி நேராகச் சுட்டது. கடைசி ஆளாக என்னைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சான்றிதழும் சேர்ந்துதான் பிறகு எனக்கு இந்த வேலை கிடைத்தது. அண்ணன் ஒரு விஞ்ஞானியின் நடை நடந்தான். இரண்டு மாதம்தான். பிறகு குண்டு மறுபடி வலப்பக்கம் ஒதுங்கியது. அவன் கழற்றிப் பார்த்தான். குழலை உடம்போடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரு தளர்ந்திருந்தன. அன்று உறைய வைத்துத் திரும்பப் பூட்டும்போது அவற்றைத்தான் இறுக்கியிருக்கிறான். காற்றில் குண்டைத் தள்ளுகிற துப்பாக்கியின் குழல் சூடேறுவதே இல்லை. சூடேறி வளைந்துகொடுக்கிற பெரிய துப்பாக்கிகளுக்கே இந்தக் குளிர் வைத்தியம் உதவுமா என்று தெரிந்தவர்களே இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். நாங்கள் உறைய வைத்தது சுத்த வீண்.

இதையெல்லாம் போன வாரம் அந்த அப்பா வந்து கேட்ட நாள் மாலை, பதுளையில் என் வீட்டில், அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தத் தகப்பனிடம் ஒரு ஸ்குரு டிரைவர் வாங்கச் சொல்லி அனுப்பியதையும் சொன்னேன்.

"அநியாயமா மாட்டுக்கு ஒரு பருவம் போச்சும்மா. ஒரு நாள் முந்திக் கத்தியிருந்தா நாங்க ஊத்தியே இருக்க மாட்டோம்" என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "அது முந்தின நாளே வந்திருச்சு. அவரு கேக்குறப்ப எனக்குத் தெரியும்."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மாட்டுப்பட்டிக்குள் போய்த் திரும்பிய அம்மா. சும்மாதாங்க நிக்குது என்ற அம்மா.

"தெரிஞ்சுக்கிட்டா சொன்ன? ஏம்மா?"

"மாடு இருவத்தோரு நாளைக்கு ஒருக்கா கத்தும். ஒனக்கு அந்த ஒரு நாளுதானே இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்கு யாரும் எதிரில் இருந்து அழுவது பிடிக்காது. கீரைத் தண்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஸ்குருதான்னு அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, நானும் மாட்டுக்கே ஊசி போட்டிருப்பேன்" என்றார்.