அண்ணனுக்கு நான் எழுதிய அடையாளம்

மாடியில் குடியிருக்கும் பெண் பேங்க் வேலைக்குப் படிக்கிறாள். எழுத்துப் பரீட்சையைத் தாண்டிவிடுகிறாளாம், நேரில் கூப்பிட்டு இங்கிலீஷ் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதாம். அதனால் தினமும் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து செல்போனோடு பேசிப் பழகுகிறாள். செல்போனும் சளைக்காமல் கேள்வி கேட்கிறது. நேற்று, தெரிந்த ஒருவரின் தோற்றத்தை விவரித்துச் சொல் என்று கேட்டுவிட்டது. அவள் கண்ணில் பட்டது நான்தான். கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, உங்களச் சொல்லிரட்டா?" என்றாள். சொல்லேன் என்றேன். ஷார்ட் என்றாள், ரவுண்ட் ஃபேஸ் என்றாள், கொஞ்சம் யோசித்து ப்ளம்ப் என்றாள். குண்டு என்பதற்கு அது மரியாதையான வார்த்தை. வீட்டுக்காரியாயிற்றே என்று பார்த்துப் போட்டிருக்கிறாள். செல்போன் வெரி குட் என்றது. நானும் சிரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். ஆனால் அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன், அணைக்கத் தோன்றவில்லை. அந்த வார்த்தைகளுக்கும் எனக்கும் பழைய பகை ஒன்று இருக்கிறது.

உங்களுக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் வாசனை தெரியுமோ என்னவோ. ரிப்பன் மை, மெஷின் எண்ணெய், பெண்கள் தலையில் வாடிய கனகாம்பரம் எல்லாம் கலந்து ஒரு மாதிரி இருக்கும். அறுபதுகளின் கடைசியில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, காரைக்குடியில் அப்படியொரு இன்ஸ்டிட்யூட்டில் லோயர் கிரேடு படித்துக்கொண்டிருந்தேன். அர்த்தம் தெரியாமல் அடித்தால் தப்பு வரும் என்று அங்கே சொன்னார்கள். சொன்னதைவிட ஒரு படி மேலே போகிற ஆள் நான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, உயரம், உடம்பு, முகம், வடிவம் என்று தலைப்புப் போட்டு வார்த்தை சேர்க்க ஆரம்பித்தேன். லீன், ஸ்லிம், ஸ்லெண்டர், லாங்க்கி. எல்லாமே ஒல்லிதான். எங்கள் அம்மா "நோஞ்சான்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஊரையே சமாளித்துவிடுவாள்.

அந்த நோட்டு வந்தபின் எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு வார்த்தையை ஒட்டிக்கொண்டே வருவேன். கண்டக்டர் ஸ்டவுட். முன் சீட்டுக்காரி ஸ்கொயர் ஃபேஸ். மனிதர்களைப் பார்த்ததாக நினைப்பு. பார்த்ததெல்லாம் என் நோட்டைத்தான்.

எனக்குப் பரீட்சை வைக்கும் ஆள் ஒருவன் வீட்டில் இருந்தான். அண்ணன் முருகேசன். என்னைவிட ஆறு வயது மூத்தவன். அப்பா தச்சாசாரி, செட்டியார் வீடுகளில் கதவு நிலை வேலை பார்த்தார். அண்ணனும் அவரோடுதான் வேலை. சாயங்காலம் மேலெல்லாம் தேக்குத் தூளோடு வந்து உட்காருவான். எட்டாவதோடு படிப்பை விட்டவன், ஆனால் வடிவம் என்று வந்துவிட்டால் அவனை ஏமாற்ற முடியாது. ஓவல் என்றால் முட்டை வடிவம் என்று சொன்னேன்.

"முட்டைக்கு ஒரு பக்கம் கூரு, ஒரு பக்கம் மழுக்கு. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா அது வேற. ஒன் வெள்ளக்காரன் எதச் சொல்றான்?" என்று கேட்டான். எனக்கு இன்று வரை தெரியாது.

ஒருநாள் அவனே கேட்டான். "எனக்கு என்ன போட்டிருக்க?"

"டால். லீன்."

"ஒசரம், ஒடம்பு சரி. மூஞ்சிக்கு?"

நான் நோட்டை மூடினேன். அவனுக்கு எட்டு வயதில் பெரியம்மை வார்த்திருந்தது. பிழைத்ததே மாரியாத்தா புண்ணியம் என்பார்கள். நெற்றி, கன்னம், மூக்கு நுனி எங்கும் பள்ளம் பள்ளமாக வடு.

"சொல்லு புள்ள. ஆத்தா போட்டதுக்கு இங்கிலீஷ்ல பேரு இல்லாமயா இருக்கும்?"

பாக்மார்க்டு என்றேன். இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். பிறகு சிரித்தான். "வெள்ளக்காரன் ஊருக்கும் ஆத்தா போயிருக்கா பாரேன்!" என் நோட்டில் இருந்ததிலேயே அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் மதித்தான்.

சிரித்தான் என்பதற்காக அவனுக்கு வலிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று இடம் பெண் பார்த்து மூன்றும் தட்டிப்போயிருந்தது. அதனால் நான்காவதுக்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். அவனை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்தாள். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலை வைத்து ஒவ்வொரு பள்ளமாக அடைத்தார். டச்சப் என்பார்கள். கழுவி வந்த படத்தில் அண்ணனின் கண் இருந்தது, மூக்கு இருந்தது, தோல் மட்டும் வேறு யாருடையதோ. அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்கலங்கினாள். ஒரு பிரதியைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, இன்னொன்றை நாட்டரசன்கோட்டைக்குப் பெண் வீட்டுக்கு அனுப்பினாள்.

அவர்கள் வரச் சொன்னார்கள். போனோம். நானும் போயிருந்தேன். நல்ல மனிதர்கள்தான், ஜமுக்காளம் விரித்து வைத்திருந்தார்கள். பெண்ணின் மாமா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"மாப்ளப் புள்ள பின்னால வர்றாகளா?"

அவர் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் கொடுமை. அண்ணன் எழுந்து நின்று, "நாந்தாங்க" என்றான். கொடுத்த காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் கடைசி சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அந்தப் படத்தக் கழட்டிருறீகளா?"

"ஏன்டா? என் கண்ணுக்கு நீ அப்பிடித்தான்டா இருக்க" என்றாள் அம்மா. பாசத்தில்தான் சொன்னாள். படத்தைக் கழற்றவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அண்ணனைக் காணவில்லை. உளிப் பையும் இல்லை. ஸ்டேஷனில் அவனைப் பார்த்த சிநேகிதன் ஒருவன், பம்பாய் போகிறேன் என்று சொன்னதாகச் சொன்னான். அப்பா அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த வீட்டுச் செட்டியாருக்கு பம்பாயில் ஆள் பழக்கம் உண்டு. அப்பாவின் முகத்தைப் பார்த்து அவரே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"அங்குட்டு இங்கிலீஷ் பேப்பர்ல போடச் சொல்றேன், ஆசாரி. படம் ஒண்ணு குடுங்க. அடையாளத்தத் தெளிவா எழுதிக் குடுக்கணும். அதுதான் முக்கியம்."

எழுதுவதற்கு வீட்டிலேயே ஆள் இருந்தாளே! அன்று இன்ஸ்டிட்யூட்டில் ஒரு மெஷினைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். நோட்டு பக்கத்தில். வயது இருபத்துநான்கு, டால், லீன், ஓவல் ஃபேஸ், பாக்மார்க்டு, இடது கட்டைவிரலில் உளி பட்ட தழும்பு. ஒரு தப்பு இல்லாமல் அடித்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

"என்னது, அம்மைத் தழும்பா? அத எடு மொதல்ல" என்றாள் அம்மா.

"அம்மா, அடையாளம்னா அதுதான்மா."

"ஆத்தா குடுத்தத பேப்பர்ல போட்டு ஊரு சிரிக்கணுமா? அவன் நாளைக்கு வந்துருவான். வந்தா அவனுக்கு ஒரு கல்யாணம் காச்சி வேணாமா?"

"பம்பாய் பேப்பர இங்க யாரும்மா படிக்கப் போறா?"

"செட்டியார் வீட்ல படிப்பாக. அவுக சொன்னா ஊரு பூராம் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒன்னையும் பொண்ணு பாக்க வருவாகள்ல. கூடப் பொறந்தவன் மூஞ்சியையும் சேத்துத்தானே கேப்பாக."

நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மாவுக்குப் பயந்து இல்லை. எனக்காக மூடிக்கொண்டேன். அப்பா ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. "அவ சொல்றபடி எழுது, தாயி" என்றார்.

மறுநாள் மறுபடி அடித்தேன். அம்மா சொன்னது அந்த ஒரு வார்த்தையை எடுக்கத்தான். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எடுத்த இடம் காலியாக இருந்தது. கூட அனுப்ப வைத்திருந்த படமும், பெண் வீட்டார் திருப்பிக் கொடுத்த அந்த டச்சப் படம்தான், வழவழவென்று இருந்தது. அந்த வாரம்தான் நோட்டில் புதிதாக ஒன்று ஏறியிருந்தது, க்ளியர் காம்ப்ளெக்ஷன். மாசு மருவற்ற முகம் என்று பொருள். உபயோகிக்க இடம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த வார்த்தை. அதைப் போட்டேன். யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை.

பேப்பரில் வந்தது. செட்டியாரின் ஆள் அதை வெட்டித் தபாலில் அனுப்பியிருந்தார். அதை என்ன செய்தேன் தெரியுமா? இன்ஸ்டிட்யூட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். நான் எழுதியது ஒரு எழுத்துக்கூட மாறாமல் அச்சில் வந்திருக்கிறது என்று. கூடப் படித்தவர்கள் "பரவாயில்லையே" என்றார்கள். அண்ணன் காணாமல் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதில் எதுவும் வரவில்லை. எனக்கு சிவகங்கையில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அப்பா தனியாக வேலைக்குப் போனார். அம்மா வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாள். ஆறேழு வருஷம் அப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேமத்தான்பட்டியிலிருந்து ஒருவர் கதவு செய்யச் சொல்லி அப்பாவிடம் வந்தார். பம்பாயில் தமிழ்க்காரர் மெஸ் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அளவெல்லாம் சொல்லி முடித்துக் கிளம்பும்போது சுவரில் இருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இந்தப் படத்த நான் பாத்திருக்கேனே. இது யாருங்க?"

"எம் மகன்" என்றார் அப்பா.

"பேப்பர்ல போட்டிருந்தீகளா? எங்க மெஸ்ல வெட்டி ஒட்டிருந்தாக, காரைக்குடின்னு போட்டிருக்கேன்னு. அப்ப இந்தப் பக்கத்து ஆசாரி ஒருத்தரு எங்கட்ட ரெண்டு வாரமாச் சாப்புட்டுக்கிட்டிருந்தாரு. மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்பு. நல்ல மனுசன். ஆசாரின்னுதான் கூப்புடுவோம், பேரு கேட்டுக்கிட்டதில்ல. தங்கச்சி டைப் அடிக்கப் போகுதுன்னு பெருமையாச் சொல்லுவாரு."

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா வெளியே வந்துவிட்டாள். அவர் கவனிக்கவில்லை, சொல்லிக்கொண்டே போனார்.

"ஒங்க ஊர்க்காரரத் தேடுறாக, தெரியுதான்னு பாருங்கன்னு அவரக் கூட்டியாந்து காட்டுனேன். இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தரு படிச்சு அர்த்தம் சொன்னாரு. அப்பிடியே பாத்துக்கிட்டு நின்னாரு. பெறகு, ‘இது நான் இல்ல’ன்னாரு. நீங்கன்னு யாருங்க சொன்னதுன்னு நாங்க சிரிச்சோம். மக்யாநாள்லேருந்து சாப்பாட்டுக்கு வரல."

அப்பா அவரோடு சேர்ந்து மெஸ்ஸுக்குக் கடிதம் போட்டார். திரும்பி வந்துவிட்டது. அப்பாவே ஒரு தடவை பம்பாய் போய் இருபது நாள் அலைந்துவிட்டு, வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். அம்மா படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் குப்புறப் போட்டாள். சாகும் வரை அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடப்பிறந்தவன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் குள்ளம் என்றுதான் சொன்னார்கள்.

அந்த வருஷங்களில் அம்மை ஒழிப்புக்காரர்கள் வீடு வீடாக வந்து விசாரித்தார்கள். எங்கேயாவது பெரியம்மை கண்டால் உடனே சொல்லுங்கள் என்றார்கள். பிறகு நாட்டிலேயே இல்லாமல் போய்விட்டது. போனது நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? அண்ணன் போன காலத்தில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் தழும்பு முகம் நாலு இருக்கும். ரயிலிலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அந்த முகங்களை உற்றுப் பார்த்தே எனக்கு இத்தனை வயதாகிவிட்டது. சிலர் முறைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவை குறைந்துகொண்டே வந்தன. இப்போது காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு முகம் தட்டுப்படாது.

அண்ணன் இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பான். இன்று அவனைத் தேடுவதானால் உயரம் வேண்டாம், நிறம் வேண்டாம், படம்கூட வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும், எந்த ஊரிலும் கண்டுபிடித்துவிடலாம். எழுதிக் கொடு என்று கேட்க அப்பா இல்லை. அதை எடு என்று சொல்ல அம்மாவும் இல்லை.