நாற்பது சர்வர்களும் மாமாவின் கழுத்துக் கட்டியும்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இருபத்தைந்து வருடம் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டியவன், சோதனைக்காக வைத்த ஒரு மெசேஜை எடுக்க மறந்துவிட்டேன்.

தேனாம்பேட்டையில் ஆபீஸ். ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறோம். மெயின்ஃப்ரேம் என்கிற ஒரே ராட்சச மெஷினுக்குள் பல மெய்நிகர் சர்வர்கள் குடித்தனம். புதிதாக ஒன்று வேண்டுமா? தூங்கிக்கொண்டிருக்கும் மாதிரி சர்வரின் டிஸ்க்கை நகலெடுத்து எழுப்ப வேண்டியதுதான். முன்பெல்லாம் ஒன்றுக்கே அரை நாள். இப்போது ஸ்டோரேஜ் பெட்டியே நகலெடுத்துத் தருகிறது... கண்ணை மூடித் திறப்பதற்குள்.

போன செவ்வாய் காலை நாற்பது எடுத்தேன். டீ ஆறவில்லை. பெருமையாக ஒரு வாய் குடித்தபோது மணி பத்து நாற்பது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு மாதம் முன் அந்த மாதிரியில் ஒரு சோதனை வைத்தேன். தினமும் பதினோரு மணிக்கு ஒரு மெசேஜ்: "உங்கள் ரிசல்ட் வந்துவிட்டது. உடனே டாக்டரைப் பார்க்கவும்." வைத்த அன்றே, பதினொன்றுக்கு முன்பே மாதிரியை அணைத்துவிட்டதால் அது போகவேயில்லை. கொடுத்த நம்பர் அக்கா கணவருடையது. மாமா கோபித்துக்கொள்ள மாட்டாரே. இப்போது நாற்பது நகலிலும் அந்த மெசேஜ் பதினொரு மணிக்காகக் காத்திருந்தது.

அதற்கப்புறம்தான் மாமாவுக்குக் கழுத்தில் கட்டி. சதை எடுத்து வேறொரு லேபுக்கு அனுப்பிவிட்டு, ஐந்து நாளாய்த் தூங்காமல் காத்திருக்கிறார். நெஞ்சில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை.

நாற்பதும் லேபின் வேலையில் இறங்கியாயிற்று, அணைக்க முடியாது. ஒவ்வொன்றாய் உள்ளே போய் மெசேஜை நீக்க வேண்டும். ஒரே கட்டளையில் முடிக்கலாமே என்பீர்கள். இந்த அவசரத்தில் எனக்குப் பாஸ்வேர்டே மூன்றாவது தடவைதான் சரியாக வருகிறது. தப்பைப் பெருக்கத்தான் வேகம் – திருத்த?

பதினொன்று அடித்தபோது முப்பத்தொன்று முடிந்திருந்தது.

ஆட்டோவில் ராஜா அண்ணாமலைபுரம் போகிற வரைக்கும் ஒவ்வொரு சிக்னலிலும் அந்த ஸ்டென்ட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தது மாமாதான். கையில் போன். அக்கா மார்க்கெட்டில். நிஜ ரிசல்ட் இன்னும் வரவில்லை. மூச்சு வாங்க, எல்லாம் என் வேலைதான் என்று உளறினேன். தண்ணீர் கொடுத்தார்.

"முதல் மெசேஜ் வந்தப்போ அப்படியே உட்கார்ந்துட்டேன் மாப்ள. எட்டு, ஒன்பதுன்னு வந்துகிட்டே இருக்கவும்தான் உயிர் வந்துச்சு. இவ்வளவு லட்சணமா வேலை பாக்கறவன் நம்ம குடும்பத்துல ஒருத்தன்தானே."