முழங்கால் வரை பனி

பள்ளி விடுமுறை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் முதுகு வலிக்கும். மற்ற பிள்ளைகளுக்கு டிசம்பர் என்றால் பினாங்குக் கடற்கரை, கேமரன் மலை, எதுவும் இல்லாவிட்டால் லூனாஸில் அத்தை வீடு. எங்கள் வீட்டில் டிசம்பர் என்றால் ஒரு கார் பாட்டரி, ஒரு தூண்டில் கம்பு, ஒரு சுருள் கம்பி, ஒரு வானொலிப் பெட்டி. அத்தனையையும் ஜெராய் மலைமேல் கொண்டுபோக வேண்டும். அங்கே அம்மா உட்கார்ந்து டிட் டா டிட் டா என்று தட்டுவதை வேடிக்கை பார்க்க வேண்டும். பிறகு அத்தனையையும் திரும்பத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இதற்குப் பெயர் உல்லாசப் பயணம்.

அம்மா அலோர் ஸ்டாரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஆனால் வானொலி வழியாக வெளியூர்க்காரர்களோடு தானே பேச முறையாக உரிமம் வாங்கியிருந்தாள். பேசுவது என்றால் வாயால் அல்ல, மோர்ஸ் தட்டு. தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, ரயில்வேயில் தந்தி அடித்தவர். தன் இரண்டு பிள்ளைகளுக்கும் சோற்றுத் தட்டில் கரண்டியால் தட்டித் தட்டியே மோர்ஸைப் பழக்கிவிட்டிருந்தார். எங்கள் வரிசை வீட்டில் ஏரியல் கம்பியை உயரமாகக் கட்ட வழியில்லை. கட்டினாலும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் கோடு விழுந்து, அந்த வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், எங்கள் வாசலில் வந்து நிற்பார். மலைமேல் போனால் ஒரு சின்னப் பெட்டியே உலகத்தின் மறுபக்கத்தைத் தொட்டுவிடும். அதனால் மலை.

அம்மாவை நான் களைப்பில்லாமல் பார்த்த நாள் குறைவு. அலுவலகம், அடுப்பு, எங்கள் வீட்டுப்பாடம், தாத்தாவின் மாத்திரைகள். மாலையில் காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது எனக்கு அது விசித்திரமாக இருந்தது. இப்போது ஜித்ராவில் வேலை முடித்து வீடு திரும்பும் நானும் அதே மாதிரி உட்கார்ந்து அதே மாதிரிச் சுவரைப் பார்க்கிறேன். சுவரில் ஒன்றும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் அம்மா எங்களுக்கு முன்பே எழுந்து, தலை குளித்து, பூ வைத்துக்கொண்டு தயாராக இருப்பாள். மலைமேல் அவளுக்கு ஒரு நண்பர் கிடைப்பார். அவர் நார்வேயில் இன்னொரு மலைமேல் பனியில் நின்றுகொண்டு தட்டுவார். நானும் தம்பியும் அவருக்கு ஐஸ் அங்கிள் என்று பெயர் வைத்திருந்தோம். சிரப் ஊற்றிய ஐஸ் கச்சாங் விற்பவர் இல்லை என்பதில் தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஐஸ் அங்கிள் என் சொந்தத் தாய்மாமா. இதை மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்து நீட்ட எனக்குத் தெம்பில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று எங்களுக்கு அது தெரியாது.

மாமா படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அம்மம்மா இறந்தபோது அவர் வந்து கொள்ளி வைக்க வேண்டும் என்று மறுநாள் சாயங்காலம் வரை உடலைப் போட்டுக் காத்திருந்தார்கள். பனி கொட்டி விமான நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று மாமாவிடமிருந்து தொலைபேசிதான் வந்தது. தாத்தா நம்பவில்லை. “பனியாம் பனி! கழுத்தளவு வெள்ளத்துக்கை நிண்டு தந்தி அடிச்சவனுக்குப் பனியைக் காட்டுறான்” என்றாராம். பனியை அவர் பார்த்ததே குளிர்சாதனப் பெட்டிக்குள்தான். கடைசியில் மருமகனான அப்பா கொள்ளி வைத்தார். வீட்டுக்குத் திரும்பியதும் தாத்தா குத்துவிளக்கை ஏற்றச் சொல்லி, எல்லாரையும் அதன்மேல் சத்தியம் செய்ய வைத்தார். இந்த வீட்டில் யாரும் அவனோடு வாய் திறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஒரு வரி எழுதக் கூடாது.

ஆனால் அம்மாவும் அவள் தம்பியான மாமாவும் ஏற்கெனவே ஒன்று பேசி வைத்திருந்தார்கள். டிசம்பரின் கடைசிச் சனிக்கிழமை, நம் ஊர் மாலையில், நீ அங்கே ஒரு மலையில் ஏறு, நான் இங்கே ஒரு மலையில் ஏறுகிறேன். மாமா விமானம் ஏறிய நாளில் செய்துகொண்ட ஏற்பாடு. இதை வேண்டாம் என்று நிறுத்த வேண்டுமானால் ஒன்று பேச வேண்டும், இல்லை எழுத வேண்டும். இரண்டும்தான் சத்தியத்தில் அடைபட்டுவிட்டதே! அதனால் ஏற்பாடு அப்படியே நின்றது. சத்தியத்தையும் அம்மா மீறவில்லை. வாயைத் திறக்கவில்லை, பேனாவைத் தொடவில்லை. விரலால் தட்டினாள், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்த ஆண்டில், வழக்கமாகத் தாத்தாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கல்யாணத்துக்காகத் தைப்பிங் போய்விட்டார். அம்மா முதல் நாள் முழுதும் கரண்டியைத் தவறவிட்டபடியே இருந்தாள். போகாமல் இருக்கலாம். ஆனால் போகாவிட்டால், அங்கே ஒருவன் பனியில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். தாத்தாவைக் கூட்டிப்போனால், காது கேட்டுவிட்டால், விளக்குச் சத்தியம். தாத்தா அவளையும் ஒதுக்கிவிடுவார், தாய்க்குப் பிறகு தகப்பனும் இல்லை என்றாகிவிடும்.

“கூட்டிட்டுப் போவோம்லா. அவருக்குத்தான் காது சரியா கேக்காதே. நீ ஹெட்போன மாட்டிக்க” என்றார் அப்பா. லூனாஸ் தோட்டத்தில் பிறந்தவர், எதையும் சண்டையில்லாமல் முடித்துவிடப் பார்ப்பவர். தாத்தாவின் காது என்பது வேண்டாததற்கு மந்தம், வேண்டியதற்குப் பாம்புச் செவி என்பது இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்குப் புரியவில்லை.

மலைமேல் மேகம் இறங்கித் தூறிக்கொண்டிருந்தது. கீழே வயல்களும் கடலும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. தாத்தாவின் முழங்காலுக்காக அந்த ஆண்டு கார் நிறுத்துமிடத்தின் ஓரத்திலேயே கடை விரித்தோம். அப்பா தூண்டில் கம்பை நட்டுக் கம்பியைத் தூக்கிக் கட்டினார். நான் பாட்டரியை இழுத்தேன். தாத்தா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, காரின் முன்சீட்டில் வாய் பிளந்து தூங்கினார். அம்மா பெட்டியின் முன் பாய் விரித்து உட்கார்ந்து ஹெட்போனை எடுத்து வைத்தாள்.

தம்பி அதன்மேல் முறுக்குப் பொட்டலத்தை வைத்தான். ஜெராய் மலைக் குரங்குகளைத் தெரிந்த எவரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஒரு கடுவன் வந்தது, பொட்டலத்தைப் பிடுங்கியது, அதோடு சிக்கிய ஹெட்போனும் போனது. குரங்கு கையில் பூமாலை என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. அது மரத்தில் ஏறி ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சபைத் தலைவர் மாதிரி உட்கார்ந்து முறுக்கு தின்றது. அப்பா கல்லெறிந்தார், கெஞ்சினார், வாழைப்பழம் காட்டினார். பழத்தையும் வாங்கிக்கொண்டது.

நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அவள் காரைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி காரைப் பார்த்தாள். “ஏறியிருப்பான்” என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். அப்பா பெட்டியின் ஒலிபெருக்கியை மெதுவாகத் திறந்துவிட்டார்.

முதலில் இரைச்சல்தான். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி. அம்மா தட்டினாள், நிறுத்தினாள், தட்டினாள். நெடுநேரம் ஒன்றும் இல்லை. நான் அலுத்துப்போய் வீட்டுக்கு எப்போது போவோம் என்று கேட்கத் தொடங்கிய நேரத்தில், இரைச்சலுக்கு அடியிலிருந்து மெல்லிய கூவல் ஒன்று விட்டு விட்டு வந்தது. அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே ஒருமாதிரியாக இருந்தது. எங்கள் தேர்வு முடிவுகளுக்கெல்லாம் அந்த முகம் வந்ததில்லை. அவள் விரல் மோர்ஸ் விசைமேல் ஓடியது, கூவல் பதில் சொன்னது.

கார்க் கதவு திறந்தது.

தாத்தா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வந்தார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பெட்டிக்கு எங்கள் குடும்பக் கதை தெரியாது, அது பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தது. தாத்தாவின் உதடு அசையத் தொடங்கியது. பழைய தந்திக்காரர்களுக்கு அது ஒரு வியாதி. காதில் விழுந்தால் வாய் தானாக வாசிக்கும்.

“காத்துப் பலம்,” என்று வாசித்தார் தாத்தா. கொஞ்சம் பொறுத்து, “பனி… முழங்கால் வரை.”

அம்மா பெட்டியை அணைக்கக் கை நீட்டினாள்.  சாதாரண ஐஸ் அங்கிளைக் கேட்டதற்கு ஏன் இந்தப் பதற்றம் என்று நினைத்தேன்.

“அணைக்காதை பிள்ளை. இன்னும் முடிக்கேல்லை” என்றார் தாத்தா.

தட்டுவது யார் என்று அவர் கேட்கவே இல்லை. கையெழுத்து போலத்தான் தட்டும் கையும். ஆளுக்கு ஆள் மாறும், ஓர் ஆளுக்கு மாறாது. மாமா சின்ன வயதிலிருந்தே சொல்லின் கடைசி டா ஒலியைக் கொஞ்சம் இழுத்துவிடுவாராம். அந்த இழுப்புக்காகத் தாத்தாவிடம் வாங்காத திட்டில்லை என்று பிறகு அம்மா சொன்னாள். பெட்டியில் ஒவ்வொரு சொல்லும் அப்படித்தான் இழுத்து முடிந்துகொண்டிருந்தது. தாத்தா திட்டவில்லை. கோலின்மேல் தாடையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூவல் நின்றது. இது அம்மாவின் முறை. அம்மாவால் தட்ட முடியவில்லை. அப்பா, அங்கே இல்லாத கம்பியை எல்லாம் சரிசெய்துகொண்டிருந்தார்.

“முழங்கால் வரைக்குமோ?” என்று தாத்தா பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.  பெட்டியில் இரைச்சல் மட்டும் கேட்டது. தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். “ஒரு தொப்பி போடச் சொல்லு பிள்ளை.”

எனக்கு வந்ததே கோபம்! நானும் தம்பியும் தூறலில் நனைந்து கோழிக்குஞ்சு மாதிரி நிற்கிறோம். குளிருதா என்று எங்களை ஒரு வார்த்தை கேட்காத மனிதர், முகம் தெரியாத யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்குத் தொப்பி போடச் சொல்கிறார்.

“சொல்லட்டா, அப்பா?” என்றாள் அம்மா. 

“நான் அவனுக்கெண்டு சொல்லேல்லை. குளிருக்கை நிக்கிற ஆருக்கும் சொல்லுறதுதான்.”

அம்மா தட்டினாள், சொன்னது யார் என்பதையும் சேர்த்துத் தட்டினாளாம். தட்டிக்கொண்டே அழுதாள். ஒளிவுமறைவில்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். ஹெட்போன் போன துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். விலை கூடிய சாமான் அது. “இன்னொன்னு வாங்கிக்கலாம்மா” என்று ஆறுதலும் சொன்னேன். அம்மா தலையாட்டினாள்.

அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, மரத்துக் குரங்கு முறுக்கை முடித்துவிட்டு வேறு மரத்துக்குப் போகும் அளவு நேரம். அலை போய்விட்டது போல என்று அப்பா முணுமுணுத்தார். பிறகு கூவல் வந்தது. வந்தது, உடைந்தது. மறுபடி தொடங்கியது, பாதியில் கெட்டது. ஓர் எழுத்துகூட உருப்படியாக வரவில்லை. மோர்ஸில் எனக்கு அரிச்சுவடிதான் தெரியும், ஆனால் அது தட்டத் தெரியாதவன் தட்டுகிற தட்டு என்று எனக்கே தெரிந்தது. தாத்தாவின் உதடு அசையாமல் இருந்தது. வாசிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் கடைசிவரை கேட்டார்.

அந்தச் சத்தியத்தைத் தாத்தா ஒருநாளும் திருப்பி எடுக்கவில்லை. வீட்டில் மாமா பேச்சு வந்தால் காது மந்தமாகிவிடும். ஆனால் அடுத்த டிசம்பரில் எங்களுக்கெல்லாம் முன்பே சட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் புதிதாக வாங்கவே இல்லை.

ஹெட்போன் போன அன்று எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்டி, பாட்டரியை நானே திரும்ப இழுத்து, காரில் ஏறியபோது உடம்பெல்லாம் விட்டுப்போயிற்று. தம்பி ஏறியதும் தூங்கிவிட்டான். அப்பா வளைவுகளில் மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தார். அம்மா என் பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள், பூ வாடியிருந்தது. எனக்கு மட்டும் ஒரு குறை அடங்கவில்லை.

“ஐஸ் அங்கிள் கடைசியில ஏன் தாத்தா அவ்ளோ மோசமா அடிச்சாரு?” என்று முன்சீட்டைப் பார்த்துக் கேட்டேன். மோசமாக அடிப்பவர்களைத் தாத்தா சும்மா விடமாட்டார், சேர்ந்து திட்டலாம் என்ற ஆசை.

 கிளம்புமுன் அப்பா ஊற்றிக் கொடுத்திருந்த தேநீர்க் கோப்பை தாத்தாவின் கையில் இருந்தது.

“குளிர் பிள்ளை,” என்றார். “விரல் விறைச்சிருக்கும்.”

கோப்பை நடுங்கித் தேநீர் அவர் வேட்டியில் சிந்திக்கொண்டிருந்தது. எங்கள் மலையிலும் குளிர் கூடிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, முன்னால் எக்கி அவர் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.