வெள்ளிக்கிழமையே வந்த அதிகாரி

நான் சந்தேகப் பிராணி. காய்காரர் கறிவேப்பிலையைக் கை நிறையக் கொடுத்தால்கூட ஏன் என்று யோசிப்பேன். பல்லாவரத்தில் அரசு நிதியில் நடக்கும் மாற்றுத்திறன் குழந்தைகள் மையத்தில் ஃபிசியோவாக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் சந்தேகம் பயன்படலாம்.

1. டேப்

ஒரு வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரி சொல்லாமல் வந்தார். ஹாலில் நாலைந்து குழந்தைகள்தான் இருந்தார்கள்.

"இவ்ளோதானா மேடம்? இதுக்கு ஒரு சென்டரா?" என்றார்.

"வெள்ளிக்கிழமைன்னா இங்க சந்தை சார். கீழ்க்கட்டளைலேர்ந்து வர்ற வேன் மாட்டிக்கும். லேட்டாத்தான் வரும்."

"எல்லாரும் ஒரு காரணம் வச்சிருக்கீங்க" என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதமும் வெள்ளிக்கிழமையே வந்தார். கூட வந்த ஆள் குழந்தைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, டேப் பிடித்து ஹாலை அளந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, ரெக்கார்டுக்கு" என்றார். சும்மா யாராவது சுவரை அளப்பார்களா?

போகும்போது அதிகாரி சொன்னார்: "பசங்களே வரலன்னா கிராண்ட் நிக்கும் மேடம். சிங்கப்பெருமாள் கோவில் சென்டரோட சேத்துடலாம்."

வேனில் வரும் ஒரு குழந்தைதான் எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தாள். திவ்யாவுக்கு மூளை முடக்குவாதம். கட்டி நிறுத்தும் ஸ்டாண்டிங் ஃப்ரேமை விட்டு, சுவர்க் கம்பியைப் பிடித்து நிற்க அப்போதுதான் பழகியிருந்தாள். அவள் அம்மா மல்லிகாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை. சிங்கப்பெருமாள் கோவில்வரை அவ்வளவு தூரம் தினம் தூக்கிக்கொண்டு போனால் அந்த வேலை போய்விடும். போகாவிட்டால் பிள்ளையின் கால் மறுபடி மடங்கிவிடும்.

2. சந்தை

மூன்றாவது தடவையும் வெள்ளி. இந்த முறை அவரை உள்ளேயே விடவில்லை.

"மீதிப் பிள்ளைங்களைக் காட்டறேன், வாங்க சார்" என்று சந்தைக்குள் அழைத்துப் போனேன். பழைய ஃபேன், சைக்கிள் சாமான், கோழிக் கூண்டு எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கள் வேன் நின்றது. உள்ளே உட்கார இடமில்லாமல் குழந்தைகளும் அம்மாக்களும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் குமார் தலையை நீட்டினார். "இன்னா சார் பண்றது? எவ்ளோ நேரமா நின்னுகினு கீறேன். சுத்திக்கினு போனா அங்கயும் ஜாமு. வெள்ளிக்கெழம வந்தாலே பேஜார்தான்."

அதிகாரிக்கு முகம் சுருங்கியது. ஜன்னலோரம் திவ்யாவை மடியில் வைத்திருந்த மல்லிகாவிடம், "கிட்டத்தானேம்மா இருக்கு, எறங்கி நடந்து வந்துடலாமே?" என்றார்.

"நடக்கறதுக்குத்தானே சார் இவ அங்க வர்றா" என்றார் மல்லிகா.

அவர் திவ்யாவின் காலைப் பார்த்தார். பிறகு சந்தைக் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அடுத்த இன்ஸ்பெக்ஷன் செவ்வாய்க்கிழமை நடந்தது. கிராண்ட் நிற்கவில்லை. திவ்யா இப்போது கம்பியை விட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறாள். அதற்காக அந்த அதிகாரியை நான் நம்பிவிடவில்லை. வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வரும்படி அவருக்கு யார் சொன்னார்கள், மையத்தை மூடியபின் யாருக்குக் கொடுக்க ஹாலை அளந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

உங்கள் மையத்துக்கு ஆளே வருவதில்லை என்று யாராவது சொன்னால், என்றைக்கு வந்து பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். டேப்போடு வருகிறவருக்கு நாற்காலி போடாதீர்கள்.