தம்பி படம் எடுத்துக்கொண்ட மூன்று இடங்கள்

போன மாசியில் சிங்கப்பூர் போனேன். திருச்சியிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம். என் தம்பி செல்வம் அங்கே துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவன். போன வருஷம் ஒரு ராத்திரி படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் மாதத்துக்கு ஒன்றாக அனுப்பிய மூன்று படங்கள் என் போனில் இருந்தன. அந்த மூன்று இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

மூன்றாவது படம் வந்த வாரம் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை. லீவு கிடைக்கவில்லை என்றான். அடுத்த நாளே கடற்கரையில் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் வருகிறது. பிள்ளையைப் பங்காளி மடியில் உட்காரவைத்தேன். அப்புறம் மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. அதற்குள் போய்விட்டான்.

அவனோடு ஒரே அறையில் இருந்த காசி, ஞாயிறு காலை எட்டு மணிக்கு, முதல் படம் எடுத்த தேக்கா சந்தைக்கு வந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. டீ ஒரு வெள்ளி அறுபது காசு; டாலரை அங்கே வெள்ளி என்கிறார்கள். சந்தையில் நல்ல கூட்டம். எங்கள் ஊரில் கத்தரிக்காயை நகத்தால் கிள்ளிப் பார்த்துத்தான் வாங்குவோம். இங்கேயும் கை போய்விட்டது.

"கிள்ளாதீங்க லா அக்கா, அதுக்கு வலிக்கும்!" என்றார் கடைக்காரர்.

அங்கிருந்து பூந்தோட்டம் ரயிலில் மூன்றாவது நிறுத்தம். நுழையக் கட்டணம் இல்லை. அவ்வளவு பெரிய ஊருக்குள் குருவிச் சத்தம் மட்டும் கேட்கிறது. மத்தியானத்துக்கு மேல் கிழக்குக் கடற்கரை. ரயிலில் முக்கால் மணி, இறங்கிக் கால் மணி நடை. கடலில் வரிசையாகக் கப்பல்கள் நின்றன.

"மாசாமாசம் ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் பொழுது போயிருக்கு" என்று குத்தலாகச் சொன்னேன்.

காசி என்னைப் பார்த்தான். "மாசாமாசமா? ஒரே ஞாயித்துக்கெழமக்கா. மத்த ஞாயிறெல்லாம் ஓவர்டைம். அன்னைக்குப் பையில மூணு சட்டை கொண்டாந்தான். இந்தா, நான் போட்டிருக்கேனே, என்னோட இதுவும் அதுல ஒண்ணு. 'ஒரே சட்டையப் பாத்தா அக்கா கண்டுபிடிச்சிரும்டா'ன்னு பாத்ரூமுக்குள்ள போயிப் போயி மாத்திட்டு வந்தான். மாசத்துக்கு ஒண்ணா அனுப்புனா, நல்லாயிருக்கான்னு நெனச்சுக்குவீங்களாம்."

"காதுகுத்துக்கு லீவு கேட்டானா?"

"மூணு தடவை கேட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன். குடுக்கலக்கா."

போனை எடுத்துப் பார்த்தேன். கடற்கரைப் படத்தில் அதே நீலக் கட்டம். காலர் அவனுக்குப் பெரிதாக இருந்தது. அந்தப் படத்துக்கு நான் ஒரு வரிகூடப் பதில் போட்டிருக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூட்டம் நெரியும், காலையிலேயே போய்விடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோங்கள். வேர்த்துக் கொட்டும், மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். மூன்று இடத்துக்கும் ஒரே நாள் போதும். என் தம்பிக்கு அந்த ஒரு நாள்தான் கிடைத்தது.