வடக்கு மூலை

பெண்ணாடத்தில் எங்கள் கரும்புக் கொல்லையை உழ வந்த டிராக்டர்காரர் ஒல்லியான ஆள். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். எந்த நிலமானாலும் ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பார்க்காமல் கலப்பை மாட்டமாட்டார்.

எங்கள் கொல்லையில் கம்பி ஒரு சாணுக்கு மேல் இறங்கவில்லை.

“அடியில இறுகிக் கெடக்கு மாமா. உளிக்கலப்பை போட்டாதான் தண்ணி எறங்கும்.”

ரொட்டவேட்டர் ஓட்டிய பக்கத்துக் கொல்லை மாவு மாதிரி இருந்ததைப் பார்த்திருந்த நான், “ரொட்டவேட்டரே போதும்பா” என்றேன்.

அவர் வடக்கு மூலையில் மட்டும் உளிக்கலப்பையை ஆழமாக இழுத்தார். ஏன் என்றேன்.

“சும்மா கெடக்கட்டும் மாமா.”

பிறகு கொல்லை முழுக்க, மேல்மண்ணை மட்டும் பொடியாக்கும் ரொட்டவேட்டரை ஓட்டினார்.

ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிக் கரும்பு மஞ்சளானது. அந்த மூலை மட்டும் பச்சையாக நின்றது.

அடுத்த உழவுக்கும் அவரையே கூப்பிட்டேன். கம்பியை எடுக்கவில்லை, உளிக்கலப்பையை மாட்டிக்கொண்டே வந்திருந்தார். மூலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.