அடி போன குடங்களின் கணக்கு

எண்பதுகளில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே அடிபம்பு. கோடையில் இருபது குடம் அடித்தால் வெறும் காற்றுதான் வரும். மறுபடி ஊறச் சாயங்காலம் ஆகும். இன்னொரு பம்பு கேட்டுத் தெருவே மனு கொடுத்தது. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அதைக் கோணாமல் போட்டேன்.

விசாரிக்க ஓர் ஆபீசர் வந்தார். வந்தது உச்சி வெயிலில். பம்படியில் ஆளில்லை, குடங்கள்தான் நின்றன. இடம் பிடிக்க வைத்தவை அவை. நல்ல குடத்தை வைத்தால் திரும்பக் கிடைக்காது. அதனால் விரிசல் விட்டது, அடி போனது என்று வீட்டுக்கு இரண்டு மூன்று வைப்போம். நான் வைத்தது மூன்று. மறைக்க என்ன இருக்கிறது?

ஆபீசர் பேனாவால் ஒவ்வொரு குடமாகத் தொட்டு எண்ணினார். வாசலிலிருந்து பார்த்த நான் கிட்டே போய்க் கேட்டேன்.

“இன்னா சார் எண்ணிக்கினு கீற? தண்ணி வரும்போது வந்து பாரு.”

“நீங்க வேலையப் பாருங்கம்மா. எண்ண எங்களுக்குத் தெரியும்.”

மாதம் திரும்புமுன் புதுப் பம்பு பின்தெருவில் இறங்கியது. அங்கே வீட்டுக்கு வீடு கிணறு. ஏற்கெனவே இருந்த பம்படியில் நாலு குடம்கூட நிற்காது. நிற்கிற குடமெல்லாம் தண்ணீர் நிறைந்த குடம் என்று எண்ணி, குடம் குறைவாக நின்றதால் அங்கே பஞ்சம், நிறைய நின்றதால் எங்களுக்குச் செழிப்பு என்று எழுதியிருக்கிறார் அந்தப் படித்த மனிதர்.

என் மூன்று குடங்களையும் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன். அவர் மேஜைமேல், காகிதங்களின்மேல் வைத்தேன்.

“நீ எழுதுன தண்ணிய இதுல ஊத்து சார்.”

அவர் சிரித்தார். “சராசரின்னு ஒண்ணு இருக்கும்மா. ஒரு வீட்டுக்குக் கூட வரும், ஒரு வீட்டுக்குக் குறையும். உங்களுக்குப் புரியாது.”

“புரியுது. கூட வந்த வூட்டக் காட்டு. நானே போய்க் கேட்டு வாங்கிக்கிறேன்.”

அவர் பியூனைத்தான் கூப்பிட்டார். குடங்களை அங்கேயே விட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. யார் வந்து எந்தக் கணக்கைச் சொன்னாலும், எந்த நேரத்தில் போய் எண்ணினாய் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். “அக்கா, வீராப்பா குடத்த வுட்டுட்டு வந்துட்ட. இப்போ இடம் போட இன்னா வெப்ப?”

இடுப்பில் நல்ல குடத்தோடு வரிசையின் கடைசியில் நானே போய் நின்றேன். என் முறை வந்தபோது பம்பு காற்றைத்தான் கக்கியது.